ஆயிரத்தில் இரண்டு பங்கு

பாலம் திறந்த அன்று காலை பத்தேகால் மணிக்கு அதன் மேல் ஏறிய முதல் பேருந்தின் எடை, ஆற்றிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளித் தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்த உதவிப் பொறியாளரின் இடது தோளில் இறங்கியது. முழு எடை அல்ல. முழு எடை என்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பன்னிரண்டு டன் பேருந்துக்கு இருபத்து நாலு கிலோ, அதாவது ஆயிரத்தில் இரண்டு பங்கு. இந்தக் கணக்கை அவர் பிற்பாடுதான் போட்டார். அன்றைக்கு அவர் செய்ததெல்லாம் நகவெட்டியை நழுவவிட்டதும் 'அம்மா' என்று முனகியதும்தான். பேருந்து அக்கரை சேர எடுத்துக்கொண்ட முக்கால் நிமிடத்தில் தோள் லேசானது. மூச்சு விடுவதற்குள் திறப்பு விழாவுக்கு வந்த பெரிய மனிதர்களின் கார்கள் ஒவ்வொன்றாக ஏறின. விழாவுக்கு அவர் போகவில்லை, காய்ச்சல் என்று சொல்லியிருந்தார். உடம்பு சுடவில்லை என்பது மனைவிக்குத் தெரியும். இரண்டு வருஷம் ராப்பகலாக நின்று கட்டிய பாலத்தைப் பார்க்க ஒரு மனுஷன் போகவில்லையென்றால் அதற்குக் காய்ச்சலைவிடப் பெரிய காரணம் இருக்கும் என்றும் தெரியும். ஆனால் அவள் கேட்கவில்லை.

முதல் வாரம் படுக்கை சரியில்லை என்று தலையணையை மாற்றினார்கள். இரண்டாம் வாரம் எண்ணெய் தேய்த்தார்கள். மூன்றாம் வாரம் அவருக்கே சந்தேகம் வந்து, மனைவியின் கையில் ஒரு நோட்டையும் கைக்கடிகாரத்தையும் கொடுத்துப் பாலத்து முனைக்கு அனுப்பினார். அவள் பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி நின்று, ஏறும் வண்டிகளை நேரத்தோடு குறித்தாள். அவர் வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு தோளைக் கேட்டு இன்னொரு நோட்டில் எழுதினார். லாரி என்றால் மூட்டை, கார் என்றால் செங்கல், சைக்கிள் என்றால் குருவி உட்கார்ந்த மாதிரி. சாயங்காலம் இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அறுபத்து மூன்றில் அறுபத்தொன்று சரியாக இருந்தது. தப்பிப்போன இரண்டும், அவள் கரையில் உட்கார்ந்திருந்த படகுக்காரர் ஒருவரோடு பேச்சுக் கொடுத்து ரோட்டைப் பார்க்க மறந்த சமயத்தில் போனவை. மனைவி நோட்டுகளை மூடிவைத்துவிட்டு, "என்ன பண்ணி வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

அவர் பண்ணி வைத்திருந்தது இதுதான். கான்கிரீட் போடும்போதெல்லாம் அந்தக் கலவையிலிருந்தே அள்ளி, அரையடிச் சதுரத்தில் மூன்று கட்டைகள் வார்த்து வைப்பார்கள். அதற்கு க்யூப் என்று பெயர். இருபத்தெட்டு நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறிய பிறகு அதை மெஷினில் வைத்து நசுக்கிப் பார்த்தால், தூணுக்குள் போன கான்கிரீட் எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துவிடும். அவசரத்துக்கு ஏழாம் நாளே நசுக்கி, வந்த எண்ணைப் பெருக்கிப் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. இவர் இருபத்தெட்டாம் நாள் விடியாமல் மெஷின் பக்கமே யாரையும் விடமாட்டார் என்பதால், வேலைத்தளத்தில் அவருக்கு 'இருபத்தெட்டு' என்றே பெயர். எல்லாத் தளங்களிலும் தொட்டியின் ஒரு மூலையில் தேதி எழுதாத க்யூப்கள் சில கிடக்கும். சிமெண்டைத் தாராளமாகப் போட்டு, ஆற அமரச் செய்தவை. ஏதாவது ஒரு க்யூப் காலை வாரிவிட்டால் அதன் இடத்தில் போய் நிற்கும். வேலை ஒன்றும் செய்யாமல் ஊறிக் கிடந்து, சபைக்கு மட்டும் வந்து நிற்பதால் அவற்றை 'மாப்பிள்ளை க்யூப்' என்பார்கள். இருபத்தெட்டின் தளத்திலும் அவை கிடந்தன. அவர் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார். பார்க்காத மாதிரி இருப்பதும் ஒரு கையெழுத்துதான் என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

மூன்றாம் தூணுக்குக் கான்கிரீட் போட்ட அன்று கலவை மெஷின் நடுவில் நின்றுபோனது. தூறலும் போட்டது. அவர் சாப்பிடப் போயிருந்த அரை மணி நேரத்தில், இறுகத் தொடங்கிய கலவையில் யாரோ வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி இளக்கித் தூணுக்குள் தள்ளிவிட்டார்கள். அந்தக் கலவையிலிருந்து நேர்மையாக எடுத்த மூன்று க்யூப்களும் இருபத்தெட்டாம் நாள் மெஷினுக்குப் போயின. ஐம்பத்தாறு டன் தாங்க வேண்டியவை முப்பத்தொன்றிலும் முப்பதிலும் முப்பத்து மூன்றிலும் பொடிந்தன. தூணை இடிக்க வேண்டியதுதான், வேறு பேச்சில்லை. ஆனால் இரண்டு வாரத்தில் ஆற்றில் வெள்ளம் வந்துவிடும், அப்புறம் பாலம் இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போகும். கோட்டப் பொறியாளர் ஜீப்பில் வந்தார். அதட்டவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டு, "உங்க க்யூப் முப்பத்தொண்ணு தாங்குது. படகு எத்தனை தாங்கும், சொல்லுங்க" என்று மட்டும் கேட்டார். முந்தின வருஷம்தான் படகு கவிழ்ந்து பத்தொன்பது பேர் போயிருந்தார்கள். கவிழ்ந்தது படகுக்காரரின் அண்ணன் ஓட்டிய படகு. பத்தொன்பதில் அண்ணனும் ஒருவர். உடல்களை முங்கி எடுத்தது தம்பி. அதே படகுக்காரர் தினமும் கரையில் உட்கார்ந்து பாலம் எழும்புவதைப் பார்த்துக்கொண்டே இவரிடம் சொல்வார்: "பாலம் வந்தா என் பொழப்பு போகும் சார். போகட்டும். ஆள் போகாதுல்ல." கோட்டப் பொறியாளரின் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல், மூன்று மாப்பிள்ளை க்யூப்களைத் தொட்டியிலிருந்து எடுத்து, நீலப் பெயிண்டால் தேதி எழுதி, இருபத்தெட்டு தன் கையாலேயே மெஷினில் வைத்தார். அறுபது டன் வரை தாங்கின. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். அந்த நீலம் அவர் ஆள்காட்டி விரலை விட்டுக் கடைசிவரை போகவில்லை. பேனா கசிகிறது என்று சொல்லிச் சமாளித்தார்.

அதன் பிறகு பதினோரு வருஷம் போயிற்று. பாலத்தில் ஒரு கீறல் விழவில்லை. தூண் பலவீனம் என்றால் எங்காவது விரிசல் காட்ட வேண்டும். அது காட்டவில்லை, இவர் காட்டினார். இடது தோள் வருஷத்துக்கு அரை அங்குலம் இறங்கியது. தையற்காரர் கேள்வி கேட்காமல் சட்டையின் இடது பக்கத்தைக் குட்டையாக வெட்டக் கற்றுக்கொண்டார். சந்தை நாட்களில் அவர் ஆபீசுக்கு விடுப்புப் போட்டார். தலைச்சுமைக்காரர்களைக் கண்டால் ஒதுங்கி வழிவிட்டார். கனரக வண்டிகளைப் பாலத்தில் விட வேண்டாம் என்று எட்டு முறை மேலிடத்துக்கு எழுதினார். காரணம் கேட்டு எட்டு முறையும் பதில் வந்தது. அந்த ஒரு வரியை மட்டும் எழுத அவருக்குக் கை வரவில்லை. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறோம் என்று தெரிந்தே வாலைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிழைப்புப் போன படகுக்காரருக்கு மட்டும் பாலத்தின் காவலாளி வேலையை வாங்கிக்கொடுத்தார். அவர் தன் படகை மூன்றாம் தூணிலேயே கட்டி வைத்திருந்தார். இவருக்கு உடம்பு முடியாமல் போகும் நாட்களில் பாலத்தின் கைப்பிடிக் கம்பி லேசாக நடுங்குவதைக் கவனித்தவர் அவர் ஒருவர்தான். வழியில் பார்த்தால், "சார், உடம்பைப் பாத்துக்குங்க, ஊருக்கே நல்லது" என்பார். தெரிந்து சொன்னாரா, மரியாதைக்குச் சொன்னாரா என்று இவர் கேட்டதில்லை.

இவர்களுடைய ஒரே மகள் நர்ஸ் வேலைக்குப் படித்து, அக்கரை ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். காலை எட்டு நாற்பதுக்கு ஸ்கூட்டரில் பாலம் ஏறுவாள். வண்டியும் ஆளுமாக முந்நூறு கிராம். அந்த முந்நூறு கிராம் ஏறி இறங்கும்வரை அவர் வாயில் வைத்த காப்பியை விழுங்கமாட்டார். மனைவி ஒருநாள் பொறுக்க முடியாமல், ஊருக்குச் சொல்லாவிட்டால் போகட்டும், பெற்ற பிள்ளையிடமாவது அந்தப் பக்கம் போகாதே என்று சொல்லலாமே என்றாள். "அவள மட்டும் எப்படிச் சொல்றது? மத்தவங்களும் யாரோ பெத்த பிள்ளைங்கதானே" என்றார். "அப்ப எல்லாருக்கும் சொல்லுங்க" என்றாள் மனைவி. அவர் சொல்லவில்லை. இந்த விஷயத்தில் அவள் சொன்னதுதான் சரி என்று எழுதிவைப்பதில் நமக்குத் தயக்கம் எதுவும் இல்லை. அவர் கெட்டவர் அல்ல, ஆனால் சுமந்துகொண்டே இருந்தால் செய்தது கழிந்துவிடும் என்று நம்பினார். மகளுக்குக் கல்யாணமாகியும் அதே பாலம், அதே எட்டு நாற்பது. ஒருநாள் காலை முந்நூறு கிராம், முந்நூற்று நாலாக இருந்தது. ஒரு வாரம் கவனித்தார், குறையவில்லை. நாலு கிராம் என்பது ஒரு கடிதத்தின் எடை. மகள் தன் அம்மாவிடம் சொல்வதற்குப் பத்து நாள் முன்பே, தான் தாத்தா ஆகப்போவது அவருக்குத் தெரிந்துவிட்டது. சந்தோஷப்படுவதற்குப் பதிலாக மாடிப்படியில் உட்கார்ந்து அழுதார்.

அந்த அழுகையோடு போய்த்தான் எலும்பு டாக்டரைப் பார்த்தார். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், எந்த மண்டியில் மூட்டை தூக்குகிறீர்கள் என்று கேட்டார். தோள்பட்டையிலிருந்து முதுகெலும்பு வரை மயிரிழை விரிசல்கள் ஓடின. வீட்டுக்கு வந்து பாலத்தின் பழைய வரைபடத்தை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, அதன் மேல் எக்ஸ்ரேயை வைத்துப் பார்த்தார். விரிசல்கள் மூன்றாம் தூணின் கம்பிக்கட்டோடு கோட்டுக்குக் கோடு பொருந்தின. இந்த உடம்பு இன்னும் ஆறு மாதம் தாங்கினால் அதிகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாவைப் பற்றி அவருக்குப் பெரிய பயம் இல்லை. தான் போகிற நிமிடத்தில் பாலத்தின் மேல் யார் இருப்பார்கள் என்பதுதான் பயம். மறுநாள், ஓய்வு பெற்றுவிட்ட கோட்டப் பொறியாளரின் வீட்டுக்குப் போனார். பெரியவர் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பதினோரு வருஷமா நிக்குதேய்யா. இதவிட என்ன சர்டிபிகேட் வேணும்?" என்றார்.

"அது நிக்கலைங்க" என்றார் இருபத்தெட்டு. "நான்தான் நின்னுக்கிட்டிருக்கேன்."

பெரியவர் குழாயை மூடிவிட்டு, வயசாகிறதென்றால் எல்லோருக்கும் இப்படித்தான் என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார். அன்றே இருபத்தெட்டு உட்கார்ந்து, பதினோரு வருஷமாக வராத அந்த ஒரு வரியை எழுதினார்: மூன்றாம் தூணின் க்யூப்களை நான் மாற்றினேன். ஒரு பொய்யைச் சொல்லும்போது ஒரு நிமிடத்தில் நம்பிய இலாகா, உண்மையைச் சொன்னபோது இரண்டு மாதம் யோசித்தது. பதிவேட்டில் அறுபது டன் என்று இருக்கிறது, கீழே உங்கள் கையெழுத்தே இருக்கிறது, நாங்கள் எதை நம்புவது என்று கேட்டது. கடைசியில், ஆளின் வாயை அடைக்கவாவது சோதித்துவிடலாம் என்று தீர்மானித்தார்கள். பாலத்தை ஒருநாள் மூடி, மூன்றாம் தூணை நடுவில் வைத்து மணல் லாரிகள் ஆறை நிறுத்தி, டிரைவர்களை இறக்கிவிட்டு, பாலம் எவ்வளவு தாழ்கிறது என்று தூணோரம் கட்டிய முள்கருவியில் பார்ப்பது. மகள் அப்போது எட்டு மாதம், அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள்.

சோதனை காலை ஒன்பதுக்குத் தொடங்கியது. ஆறு லாரி என்றால் நூற்றைம்பது டன், அதில் அவர் பங்கு முந்நூறு கிலோ. நாலாவது லாரி ஏறும்போதே அவர் தரையில் குப்புற விழுந்துவிட்டார். ஆனாலும் தோளைக் கொடுத்தபடியே கிடந்தார், ஏனென்றால் அதை எப்படிக் கொடுக்காமல் இருப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒன்பதிலிருந்து பத்து, பத்திலிருந்து பன்னிரண்டு; பாலத்தில் முள் இம்மிகூட அசையவில்லை. எந்தப் பாலமும் கொஞ்சமாவது தாழும், இது தாழவில்லை. பார்க்க வந்திருந்த பழைய கோட்டப் பொறியாளர் நான் சொன்னேனே என்றார். வீட்டில் மனைவி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, இன்றைக்கு மேலே ஆள் இல்லை, இன்றைக்கு விட்டால் எந்த நாளும் விட முடியாது, இறக்கி வையுங்கள் என்று கெஞ்சினாள். தலைச்சுமையை ஆள் தானாக இறக்க முடியாது, கை கொடுக்க இன்னொருவர் வேண்டும். மனைவி கை கொடுத்துப் பார்த்தாள், நகரவில்லை. பதினோரு வருஷமாக அவளும் பாதியைச் சுமந்துகொண்டிருந்தவள்தானே, சுமக்கிற கை எப்படி இறக்கும்?

மகள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு முதுகுவலி என்று சொல்லித்தான் அவளை வளர்த்திருந்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து, என்னப்பா இது என்று கேட்டாள். அவர் தரையைப் பார்த்தபடி முழுவதும் சொன்னார். தூறல், வாளித் தண்ணீர், மாப்பிள்ளை க்யூப், நீலப் பெயிண்ட், எட்டு நாற்பது, முந்நூறு கிராம், நாலு கிராம். சொல்லி முடித்தபோது மணி மூன்றாகப் போனது. "நான் போய்ட்டு வர்ற வரைக்கும் தினமும் உக்காந்து எண்ணிக்கிட்டா இருந்தீங்க?" என்று கேட்டாள் மகள். அவர் தலையாட்டினார். "ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலையாப்பா?" என்றாள்.

அவள் இரண்டு உள்ளங்கைகளையும் அவர் தோளுக்கு அடியில் கொடுத்தாள். ஆனாலும் அவர் இருபத்தெட்டு அல்லவா, போனில் ஒருமுறை கேட்டுவிடச் சொன்னார். மனைவி பாலத்தில் இருந்த இளம் பொறியாளரைக் கூப்பிட்டு, பாலத்தின் மேல் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்தாள். மேலே ஒருவரும் இல்லை, டிரைவர்கள்கூடக் கரையில்தான் இருக்கிறார்கள் என்று பதில் வந்தது. அது உண்மை. அவர் தோளும் அதையே சொன்னது: ஆறு லாரி, மணல், வேறெதுவும் இல்லை. மகள் தூக்கினாள். எட்டு மாதக்காரி முந்நூறு கிலோவைத் துணி மூட்டை மாதிரி எடுத்துத் தரையில் வைத்தாள். மணி மூன்று ஐந்து. ஆற்றில் மூன்றாம் தூண் ஓர் ஆள் உயரத்துக்கு அப்படியே உட்கார்ந்தது. இரண்டு பக்கத்துத் தளமும் ஆறு லாரிகளும் தண்ணீருக்குள் போயின.

அவர் எழுந்து நின்றார். இழந்திருந்த ஐந்தரை அங்குல உயரத்துக்கும் நிமிர்ந்து நின்றார். மனைவி அழுதாள், சிரித்தாள், தண்ணீர் கொண்டுவந்தாள். ஏழு நிமிடம் அந்த வீட்டில் மூவரும் சந்தோஷமாக இருந்தார்கள். அதைக் குறைத்து எழுத நமக்கு மனசில்லை, பதினோரு வருஷத்தில் அவர்களுக்குக் கிடைத்தது அதுதான். மூன்று பன்னிரண்டுக்கு இடது தோளில் ஒரு கனம் வந்து இறங்கியது. பழக்கதோஷத்தில் அவர் கண்ணை மூடி, அது அக்கரை சேரக் காத்திருந்தார். முக்கால் நிமிடம் போயிற்று, ஒரு நிமிடம் போயிற்று. அது எங்கேயும் போகவில்லை.

அரை மணி கழித்துப் போன் வந்தது. முள் ஆறு மணி நேரமாக அசையாததால், கருவிதான் சிக்கிக்கொண்டிருக்கிறது என்று முடிவுகட்டி, அதைத் தட்டிப் பார்த்து வரும்படி மூன்று மணிவாக்கில் படகுக்காரரைப் படகில் அனுப்பியிருந்தார்கள். பாலம் அவ்வளவு நன்றாக நின்றதால்தான் அவர் அதன் அடியில் போனார். பாலத்தின் மேல் யார் என்று மனைவி போனில் கேட்டாள், மேல் யார் என்று தோளும் சொன்னது. கீழே யார் என்று கேட்க, ஆயுள் முழுக்க எதையும் இரண்டு முறை சரிபார்த்த அந்த மனுஷருக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

விசாரணையில் கோட்டப் பொறியாளருக்கு எதுவும் நினைவில்லை. இருபத்தெட்டுக்கு எல்லாம் நினைவிருந்தது. எழுதிக் கொடுத்தார், ஒன்றரை வருஷம் உள்ளே இருந்தார். டாக்டர் சொன்ன ஆறு மாதம் வந்து போனது, அவர் போகவில்லை. ஊர் இரண்டாகப் பிரிந்து, நூற்றுக்கணக்கான பேரைக் காப்பாற்றினார் என்றும், ஓர் அப்பாவியைக் கொன்றார் என்றும் பேசியது. இரண்டு கட்சிக்கும் ஆதாரம் இருந்தது. வெளியே வந்த அன்று அவர் வீட்டுக்குப் போகாமல் நேராகப் படகுக்காரரின் வீட்டுக்குப் போனார். படகுக்காரரின் மனைவி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. சரிந்து தொங்கிய அந்த இடது தோளையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கனமா இருக்காரா?" என்று கேட்டாள்.

"இருக்காரும்மா."

"இருக்கட்டும்" என்றாள். "எறக்கி மட்டும் வச்சிடாதீங்க."

அவர் இறக்கி வைக்கவில்லை. இப்போது ஆற்றில் மறுபடி படகுதான் ஓடுகிறது, புதுப் பாலத்துக்குத் தூண்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. பேத்திக்கு மூன்று வயது முடியப்போகிறது. வலது தோளில்தான் ஏறி உட்காருவாள், இடது பக்கம் ஆள் இருக்கிறது என்று அவளுக்கே தெரியும். மாதம் ஒருமுறை அவர் படகேறி அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போய், மகள் இருக்கும் அறையில் எடை மெஷின் மேல் நிற்பார். முள் நூற்றுப் பதினைந்தில் நிற்கும். ஆயிரத்தில் இரண்டு பங்கெல்லாம் பாலத்தோடு போயிற்று, இது முழு எடை. மகள் அவர் சீட்டில் ஐம்பத்து நாலு என்று எழுதி, அதற்குக் கீழே பெயர் போடாமல் அறுபத்தொன்று என்றும் எழுதி, அப்பாவை இறங்கச் சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடுவாள்.